இடுப்பு உயரத்திலிருந்து

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பவானியில் தண்ணீர் படித்துறையின் மேல்படி வரை வந்துவிட்டதாம். சத்தியமங்கலமே ஆற்றுக்குப் போனது. நான் போகவில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வேகத் தண்ணீர் பக்கத்தில் நிற்பதை நினைத்தாலே உள்ளங்கை வேர்க்கிறது. தேங்காய்ப்பால் சாதம் மட்டும் செய்தேன். அடிப்பிடித்துவிட்டது.

புதுத் துப்பாக்கி பார்சலில் வந்திருக்கிறது. காற்றில் சுடுகிற ஏர்கன், லைசென்ஸ் தேவையில்லாத வகை. அவர் 'மலைத்தடம்' மாத இதழில் எழுதுகிறார் அல்லவா, காட்டுப் பயணம் ஒரு மாதம், துப்பாக்கி ஒரு மாதம் என்று. இது துப்பாக்கி மாதம். கம்பெனிக்காரர்கள் அனுப்புவார்கள்; இவர் சுட்டுப் பார்த்து எழுதுவார்; நல்லபடியாக எழுதினால் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அப்படித்தான் பீரோ மேல் மூன்று சேர்ந்திருக்கின்றன.

அட்டையைப் பிரித்து நேராகக் கட்டிலில் வைத்தார். குறிஞ்சி அதன் மேல் தவழப் போனாள்.

"ஏனுங்க, படுக்கிற இடத்துலயா வெக்கறீங்க?"

"குண்டே போடல மைதிலி. வெறும் இரும்பு. உனக்கு ஊதுபத்தியப் பாத்தாக்கூடப் பயம்."

உண்மைதான். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பிரசவத்துக்குப் பிறகு வந்தது, போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதினால் நெஞ்சு கொஞ்சம் அடங்குகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

குறிஞ்சிக்கு மூக்கொழுகல். இரண்டு முறை ஆவி பிடிக்க முயன்று இரண்டு முறையும் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள்.

கட்டுரையைத் தட்டச்சு செய்தேன். அவருக்குக் கணினியில் தமிழ் அடிக்க வராது; கையால் எழுதித் தருவார், நான் அடித்து அனுப்புவேன். வாசகர் தொடர்புக்கு என்று கடைசியில் அச்சாவதும் என் கைப்பேசி எண்தான். போன் வந்தால் அவருக்கு எழுத்து கலைந்துவிடும்.

மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'குழலை மடக்கி முழுக்க இழுத்து, வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டியைப் போட்டு, இடுப்பு உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் மூன்று முறை போட்டேன். ஒரு முறையும் வெடிக்கவில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் தைரியமாக வாங்கலாம்.'

"இதெப்பங்க போட்டீங்க? எனக்குச் சத்தமே கேக்கலியே."

அவர் சோப்புப் போட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார். "ஜெரால்டு போட்டுப் பாத்துட்டான். போன்ல கேட்டேன். அவன் போட்டா நான் போட்ட மாதிரிதான்."

ஜெரால்டு அவருடைய நண்பர். கோபியில் இருக்கிறார். இன்னொரு இதழில் இதையே எழுதுகிறார். இருவரும் பத்து வருடமாக ஒன்றாகக் காடு சுற்றியவர்கள். யானை துரத்தியபோது தன்னை மரத்தில் ஏற்றிவிட்டு ஜெரால்டு கீழே நின்றதாக இவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். உண்மையில், தன்னை ஏற்றிவிடச் சொல்லி இவரிடம் கத்தியது தான்தான் என்று ஜெரால்டு எங்கள் வீட்டில் மட்டும் சொல்வார்.

அடித்து அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனேன். அவர் உட்கார்ந்து, பலகை மேல் எதையோ வைத்துச் சுத்தியால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். செருப்புத் தைப்பவர்கள் தோலில் ஓட்டை போடுகிற பஞ்ச் கையில் இருந்தது. பெல்ட்டுக்கு ஓட்டை போடுவதாகச் சொன்னார். பெல்ட் இடுப்பில்தான் இருந்தது. இளைத்துவிட்டார் பாவம், வேளைக்குச் சாப்பிடுவதில்லை.

மாலையில் கட்டுரையோடு வைக்க இலக்கு அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். ஐந்து ஓட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டி, அழகாக. அனுப்பினேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

இதழ் வந்தது. ஐந்து ஓட்டையை முழுப்பக்கம் போட்டிருக்கிறார்கள். ஆசிரியர் அவரைக் கூப்பிட்டு, இந்தக் கம்பெனி அடுத்த வருடம் முழுக்க விளம்பரம் தருவதாகச் சொன்னாராம். மில் வேலை போனபிறகு அவர் முகத்தில் இந்த மாதிரிச் சிரிப்பைப் பார்க்கவில்லை. குறிஞ்சியைத் தோளில் வைத்து ஆடினார். விசிறியில் தலை பட்டுவிடும் என்று நான் கத்தி, எல்லாவற்றையும் கெடுத்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. துப்பாக்கிகளைத் துடைத்து, வரிசையாகப் பாயில் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்தார். மிக்ஸிக்கு நான் வைத்தேன். குறிஞ்சி பொரியை எல்லாத் துப்பாக்கி மேலும் தூவினாள்.

ஒரு வாசகர் கூப்பிட்டார். போன மாதமும் ஒருமுறை கூப்பிட்டவர்.

"வணக்கமுங்க அம்மணி. புளியம்பட்டிப் பக்கம் சென்னியப்பனுங்க. சார் எழுதுனதப் பாத்து அதே ஏர்கன்னு வாங்கீட்டனுங்க. வாழையில பெருச்சாளித் தொந்தரவுங்க. இன்னைக்குச் சாமி கிட்ட வெச்சுப் பொட்டு வெச்சங்க. சாருகிட்டச் சொல்லீருங்க."

"சொல்றேனுங்க. பத்திரமா வெச்சுக்குங்க, ஊட்டுல கொழந்தைங்க இருக்குதுங்ளா?"

"ஒரே புள்ளைங்க. தர்சினி. மூணாவது படிக்குது. சாருதான் கீழ போட்டே பாத்துட்டாருங்களே, அப்பறமென்னங்க."

அவரிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார்.

அக்டோபர் 9, வியாழன்

சென்னியப்பன் கூப்பிட்டார். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம், யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"அம்மணி, பாப்பாவுக்குக் கண்ணுல பட்டுருச்சுங்க."

நேற்றுச் சாயங்காலம் தோட்டத்து மோட்டார் ரூமில், குண்டு போட்டு, சேஃப்டி போட்டு, சுவரில் சாத்தி வைத்திருக்கிறார். பிள்ளை உள்ளே பந்து எடுக்கப் போயிருக்கிறது. துப்பாக்கி சரிந்து விழுந்து வெடித்திருக்கிறது. வலது கண். கோயமுத்தூரில் சேர்த்திருக்கிறார்கள். பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள்.

"போலீசு எழுதீட்டுப் போயிருக்குதுங்க. சேஃப்டி போடாம வெச்சேன்னு என்ற மேல கேசு வருமாட்ட இருக்குதுங்க. நான் போட்டனுங்க அம்மணி. போட்டது கையில இன்னும் இருக்குது. சாரு ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க, இந்தத் துப்பாக்கி இப்புடி வெடிக்குமா வெடிக்காதான்னு. சாரு சொன்னா நம்புவாங்க."

சொல்கிறேன் என்றேன்.

அவரிடம் அப்படியே சொல்லிவிட்டு, வீட்டிலிருந்த அத்தனை துப்பாக்கியையும் பரண் மேல் போடச் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் ஏற்றினார். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. வாளி எடுத்துப் போகவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

குறிஞ்சியின் வலது கண்ணை மூடி, எத்தனை விரல் தெரிகிறது என்று கேட்டேன். அவளுக்கு எண்ணவே தெரியாது. எதற்குக் கேட்டேன்?

அக்டோபர் 12, ஞாயிறு

ஜெரால்டு வந்தார். பிஸ்கட்டும் குழந்தைக்கு ஒரு ரப்பர் யானையும் வாங்கி வந்திருந்தார். எப்போதும் உள்ளே வரும்போதே "தங்கச்சி, சுக்கு காப்பி" என்று கத்துவார். இன்று செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். இவர்தான் வரச் சொல்லியிருந்தார்.

நான் சமையலறையில் இருந்தேன். எங்கள் வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு இல்லை.

"நீ எத்தன தடவடா போட்டுப் பாத்தே?" இவர் கேட்டார்.

"எத?"

"வெளையாடாத. தரையில."

"நான் எங்கடா போட்டேன்? நீ போட்டேன்னு எழுதியிருந்தே."

"நீ சொன்னதாலதான்டா எழுதுனேன்! போன்ல கேட்டேன்ல? 'அதெல்லாம் ஆச்சு மாப்ள'ன்னு சொன்னியா இல்லியா?"

"கம்பெனிக்காரன் அனுப்புன காகிதத்துல இருந்துச்சு, ஆச்சுன்னேன். நான் போட்டேன்னா சொன்னேன்? எனக்கு வந்த பீசுல ஸ்பிரிங்கே செத்துக் கெடந்துச்சு. நான் ஒரு குண்டு சுடல."

"அப்பறம் உன்ற கட்டுரையில, 'நண்பர் மாதேஸ்வரனும் நானும் தனித்தனியாகச் சோதித்தோம்'னு..."

"நீ உன்ற பங்குக்குப் பண்ணியிருப்பேன்னு நம்பி எழுதுனேன்டா. நம்பி!"

குறிஞ்சி ரப்பர் யானையை அமுக்கிக் கீச்சுக் கீச்சென்று சத்தம் செய்துகொண்டிருந்தாள்.

பிறகு ஜெரால்டு சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "நம்பிக்கையப் பத்தி நீ பேசாத மாப்ள. உன்ற அட்டையப் பாத்தன்னிக்கே எனக்குத் தெரியும். ஈயக் குண்டு காகிதத்துல போனா ஓரத்துல கருப்பா வளையம் பதியும். உன்ற ஓட்டை அஞ்சும் பளிச்சுனு இருந்துச்சு. எதுலடா போட்டே, கம்மல் குத்தற ஊசியிலயா?"

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"என்ற யானைக்கதையில நெசம் என்னன்னு நீ சொல்லியிருக்கியா யாருகிட்டயாச்சும்?"

நான் காப்பியைக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வயது. இன்று ஒரே முகமாகவும் இருந்தது.

"அந்தப் பாப்பா இப்ப எப்பிடி இருக்குது தங்கச்சி?" ஜெரால்டு கேட்டார்.

"கண்ணு போயிருச்சுங்ணா."

காப்பியைக் குடிக்காமல் எழுந்தார். போகும்போது இவரிடம் சொன்னார்: "நான் எதுவும் எழுதப் போறதில்ல. எங்கூட்டுல ரெண்டு பேரு காலேஜ்ல இருக்காங்க. நீயும் எழுதாத. அந்தாளு மேல கேசு போனா அதோட முடியும்."

அக்டோபர் 15, புதன்

அவர் ஆசிரியரைப் பார்க்க ஈரோட்டுக்குப் போயிருந்தார். குறிஞ்சியைக் கீழ்வீட்டு அக்காவிடம் விட்டேன். அரிசி ஊறப்போட்டேன். பிறகு நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து அந்தத் துப்பாக்கியை இறக்கினேன்.

குழலை மடக்குவது இவ்வளவு கடினம் என்று தெரியாது. காலுக்கு இடையில் வைத்து, முழு உடம்பையும் கொடுத்து இழுத்தேன். குண்டு போடவில்லை. சேஃப்டிக் குச்சியைத் தள்ளினேன், டக்கென்று விழுந்தது. இருந்தும் விரலால் தள்ளிப் பார்த்தேன், கெட்டியாகப் பிடித்திருந்தது. டிரிக்கரை அழுத்தினேன், அசையவில்லை. நான் இயற்பியல் படித்தவள். ஒன்றைச் சோதிப்பது என்றால் எப்படி என்று எனக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள்.

இடுப்பு உயரத்தில் பிடித்து, சமையலறை சிமென்ட் தரையில் விட்டேன். ஒன்றும் இல்லை. இன்னொரு தரம் விட்டேன். ஒன்றும் இல்லை. அப்பாடா என்று இருந்தது, மறைக்காமல் எழுதுகிறேன், சென்னியப்பன்தான் பொய் சொல்கிறார் என்று ஒரு நிம்மதி வந்தது.

சுவரில் சாத்தி, லேசாகத் தள்ளிவிட்டேன்.

டப் என்றது. கீழ்வீட்டு அக்கா "என்ன மைதிலி, குக்கரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எடுத்துப் பார்த்தேன். சேஃப்டி போட்டபடியே இருந்தது.

மறுபடி இழுத்துச் சாத்தித் தள்ளினேன். மறுபடி டப்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். சட்டை பட்டனைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "நீ சரியா இழுத்திருக்க மாட்டே. பாதியில கொக்கி மாட்டியிருக்கும்."

"ரெண்டு தடவையுமாங்க?"

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத." பிறகு, குரலை இறக்கி, "மைதிலி, இது போனா நமக்கு வேறென்ன இருக்குது, சொல்லு. நான் என்ன வேணும்னா பண்ணுனேன்?" என்றார்.

அரைத்து வைத்த மாவு காலைக்குள் புளிக்குமோ என்னவோ. மழைக்காலம்.

அக்டோபர் 17, வெள்ளி

அடுத்த இதழுக்கு ஒரு பக்கம் எழுதித் தந்தார். தலைப்பு: 'வாசகர்கள் கவனத்துக்கு'. ஆசிரியர் கேட்டாராம், கம்பெனி ஆசிரியரைக் கேட்டதாம்.

'அண்மையில் ஒரு வாசகரின் தோட்டத்தில் நேர்ந்த விபத்தை அறிந்து மனம் கலங்கினேன். என்னிடமுள்ள துப்பாக்கியை மீண்டும் இடுப்பு உயரத்திலிருந்து போட்டும், சுவரில் சாத்தித் தள்ளியும் பார்த்தேன். வெடிக்கவில்லை. சேஃப்டி போட மறக்கும் ஒரு நொடி போதும், வாழ்நாள் துயரத்துக்கு.'

சுவரில் சாத்துவதை நான்தான் அவரிடம் சொன்னேன்.

தட்டச்சு செய்தேன். எழுத்துப்பிழை இரண்டு இருந்தது, திருத்தினேன். 'வாழ்நாள் துயரத்துக்கு' என்பதைத் தனி வரியாகப் போடச் சொன்னார். போட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வெடிச் சத்தத்துக்குக் குறிஞ்சி அழவில்லை. நான்தான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

சென்னியப்பன் மூன்று முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை. கை மாவாக இருந்தது.

நவம்பர் 5, புதன்

இதழ் வந்தது. பிரிக்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

மதியம் குறிஞ்சிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் கூடத்தில் அடுத்த பயணத்துக்கு வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். சென்னியப்பன் கூப்பிட்டார். இந்தத் தடவை ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. கை அதுவாகப் போயிற்று.

"அம்மணி, தொந்தரவு பண்ணறதுக்கு மன்னிச்சுக்குங்க. இனிமே கூப்புட மாட்டனுங்க. சாரு எழுதுனதப் படிச்சனுங்க. நன்றி சொல்லலாம்னுதான்."

"நன்றிங்ளா?"

"சாரு மறுபடியும் மெனக்கெட்டுப் போட்டுப் பாத்திருக்காருல்லீங்க. அப்ப என்ற தப்புதானுங்க. நான் சேஃப்டி போட்டேன் போட்டேன்னு எல்லாருகிட்டயும் சண்டை போட்டுட்டு இருந்தேன். போடலையாட்ட இருக்குது. போலீசுலயும் அப்புடியே சொல்லிக் கையெழுத்துப் போட்டர்லாம்னு இருக்கறனுங்க, நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

குறிஞ்சி வாயில் இருந்த சோற்றைத் துப்பி என் மடியில் வைத்தாள்.

"என்ற ஊட்டுக்காரி அன்னைக்கிருந்து எங்கூடப் பேசறதில்லீங்க. அது ஞாயந்தானுங்க. பாப்பாதான்... பாப்பா என்ன சொல்லுதுன்னாங்க, 'அப்பா, நீ அந்தக் குச்சியத் தள்ளுனத நான் பாத்தேன், டக்குன்னு சத்தம் வந்துச்சு'ன்னு சொல்லுதுங்க. ஒத்தக் கண்ணுல கட்டுப் போட்டுட்டு எனக்காகப் பொய் சொல்லுதுங்க அம்மணி. நேத்து அத வைதுட்டனுங்க. பொய் பேசற வயசாடீன்னு அடிச்சுப்போட்டனுங்க."

அப்போதுதான் தட்டைக் கீழே வைத்தேன்.

"அண்ணா, பாப்பா பொய் சொல்லுலீங்க."

"அம்மணி?"

"நான் சாத்தி வெச்சுத் தள்ளிப் பாத்தேனுங்க. போன மாசம். எங்கூட்டுலயே. ரெண்டு தடவ. சேஃப்டி போட்டிருந்துச்சு. ரெண்டு தடவையும் வெடிச்சுதுங்க."

கூடத்தில் காகிதம் மடிகிற சத்தம் நின்றது.

"சாரு வெடிக்கலீன்னு..."

"அவரு போட்டே பாக்கலீங்க. மொதல்லயும் பாக்கல, இப்பவும் பாக்கல. நான்தானுங்க அத அடிச்சு அனுப்புனேன். நாளைக்கு நீங்க கையெழுத்துப் போடாதீங்க. நான் வர்றேன், துப்பாக்கியையும் எடுத்துட்டு வர்றேன். அவங்க முன்னாடியே சாத்தித் தள்ளிக் காட்டறேனுங்க."

சென்னியப்பன் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் வந்தது, தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் வருவது மாதிரி. வெகுநேரம் கழித்து, "அம்மணி, ஒரே ஒரு ஒதவிங்க," என்றார். "நான் சொன்னா அவ நம்ப மாட்டா. என்ற ஊட்டுக்காரிகிட்ட நீங்களே இத ஒருக்காச் சொல்லீர்றீங்ளா?"

போன் கை மாறியது. வளையல் சத்தம் கேட்டது. ஒரு பெண் குரல், என் வயதுதான் இருக்கும், "ம்" என்றது. அவ்வளவுதான்.

நிமிர்ந்தேன். அவர் எதிரில் நின்றிருந்தார். கையை நீட்டினார், போனைக் கொடு என்று. குறிஞ்சி அது தனக்குத்தான் என்று நினைத்து இரண்டு கையையும் தூக்கினாள். வேறு வழியில்லாமல் அவளைத் தூக்கிக்கொண்டார்.

"என்ற பேரு மைதிலிங்க," என்று ஆரம்பித்தேன்.